அன்னாரின் இசைத்தட்டு

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் என் மகள் அனிற்றா பேசாலையில் செத்துப்போனாள். கோயிலில் துக்க மணி அடித்தார்கள். என் அக்கா வீட்டு முற்றத்தில் தறப்பாள் கட்டினார்கள், கதிரைகள் வந்து இறங்கின, பக்கத்து வீட்டு அடுப்பில் பிளேன்ரீக்குத் தண்ணீர் கொதித்தது. அதே நேரம் இங்கே நோர்வேயில், பேர்கன் நகரத்தில், வழக்கமான மழையில், செத்துப்போனவள் என் குசினியில் இருந்து புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குழம்பில் புளி கூடிவிட்டது என்று குறையும் சொன்னாள்.

இந்தச் சாவுக்குக் காரணம் நான்தான். ஊரில் ஆளுக்கொரு விதமாக இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று கேள்வி. கதை மன்னார்த் தீவைத் தாண்டி, கட்டுக்கரை வயல் பக்கம் வரை போய்விட்டதாம். அங்கே போய்ச் சேர்ந்தபோது, அனிற்றா பெட்டிக்குள் இருந்து எழும்பி ட்ரம்பெட் ஊதினாள் என்று ஆகிவிட்டதாம். இனி இலுப்பைக்கடவைக்குப் போய்ச் சேரும்போது அவளுக்குப் புனிதர் பட்டம் கொடுத்து அர்ச்சிஷ்டவள் ஆக்கிவிடுவார்கள். அதற்கு முதல் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

2

அனிற்றா எங்களுக்கு ஒரே பிள்ளை. தொழில், ட்ரம்பெட் ஊதுவது. ஜாஸ் என்கிற இசை. இதை ஊரில் உள்ளவர்களுக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. "பாண்டுக்குப் போறாவோ?" என்று கேட்பார்கள். இல்லை என்றால், "அப்ப என்ன உத்தியோகம்?" என்பார்கள். இங்கே வரிக் கந்தோரிலும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டார்கள். வருமானம் மாதாமாதம் ஏன் ஒரே அளவாக வரவில்லை, வேலை கொடுப்பவர் யார் என்று. பேசாலையும் நோர்வே அரசாங்கமும் ஒரு விசயத்தில் ஒத்துப்போனதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது நான் அவளை என் அக்கா பிலோமினாவிடம் விட்டுவிட்டு வந்தேன். இவர், அதாவது என் வீட்டுக்காரர், முதலே வந்து ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். பயண வழியில் குழந்தை தாங்காது, ஆறு மாதத்தில் முறையாகக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றார். அந்த ஆறு மாதம் ஆறு வருடமாக நீண்டது.

அக்காவுக்கும் ஒரு சின்ன மகன் இருந்தான். அவனையும் என் மகளையும் கொண்டு அக்கா சண்டைக்குத் தப்பி வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய் அகதி முகாமில் இருந்தா. அனிற்றாவின் பிறப்புப் பதிவு மன்னாரில் எங்கோ இடம்பெயர்ந்து காணாமல் போயிருந்தது. பிள்ளை ஒரு நாட்டில், பதிவு இன்னொரு நாட்டில், தாய் மூன்றாவது நாட்டில். நான் இங்கே ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கி, அரைகுறை நோர்வீஜிய மொழியில், "என் பிள்ளை என்னுடையது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, "அதற்கு என்ன அத்தாட்சி?" என்பார்கள்.

கடைசியில் அங்கே, இந்தியாவில், பிள்ளையை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி பிள்ளையிடம், "உன்னுடைய அம்மா யார்?" என்று கேட்டாராம். அனிற்றா திரும்பி, கண்ணாடிக்கு வெளியே வாங்கில் இருந்த அக்காவைக் கைகாட்டினாளாம். அதோடு எங்கள் விண்ணப்பம் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போனது. அக்கா இதைத் தொலைபேசியில் சொல்லும்போது மன்னிப்புக் கேட்பதுபோலத்தான் சொன்னா. ஆனால் அந்தக் குரலுக்கு உள்ளே ஒரு சின்னச் சந்தோசம் இருந்தது. எனக்கு அது கேட்டது. எனக்குக் கோபம் வந்தது, கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரிந்தது.

இங்கே வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. மொழி தெரியாது, பனி தெரியாது, என்னையும் சரியாகத் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பாண்டில் பிள்ளைகளுக்கு வாத்தியம் இரவல் கொடுப்பார்கள். மற்றப் பிள்ளைகள் விரும்பியதை எடுத்துப் போன பிறகு மிஞ்சிக் கிடந்தது ஒரு ட்ரம்பெட். முதல் நாளே அதில் சத்தம் வந்துவிட்டது, மற்றவர்களுக்குக் கிழமைக்கணக்காகும் என்று ஆசிரியை ஆச்சரியப்பட்டா. நான் அது என் வழிப் பரம்பரைக் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். இவர் தன் வழி என்றார்.

3

மூன்று வருடங்களுக்கு முன்னர் அக்கா அனிற்றாவுக்கு ஒரு சம்பந்தம் பேசினா. முசலிப் பக்கம் படிப்பிக்கிற பொடியன், நல்ல குடும்பம், கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்பவன். அக்கா எங்களிடம் கேட்கவில்லை. பொடியனின் தாயிடம் ஓம் என்றே சொல்லிவிட்டா. பிறகு அனிற்றாவுக்குத் தொலைபேசி எடுத்து, ஊதினது போதும், வந்து கலியாணத்தைக் கட்டு என்று சொல்லியிருக்கிறா.

அனிற்றாவின் தமிழ் ஒன்பது வயதில் நின்றுபோன தமிழ். உச்சரிப்பு அச்சொட்டாகப் பேசாலைதான், அவளை ஊரில் கொண்டுபோய் விட்டால் ஒருவருக்கும் பிடிபடாது. ஆனால் பெரியவர்கள் ஒரு விசயத்தைச் சுற்றிவளைத்து மறுக்கிற சொற்கள் அவளிடம் இல்லை. நோர்வீஜிய மொழியில் அழகாகச் சொல்லித் தப்பியிருப்பாள். தமிழில் ஒன்பது வயதுப் பிள்ளை கோபத்தில் சொல்வதைத்தான் சொன்னாள்.

"நீங்கள் ஆர் எனக்குச் சொல்ல? நீங்கள் என்ன என்ர அம்மாவோ?"

அக்கா தொலைபேசியை வைத்துவிட்டா. அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு இவள் எடுத்தால் அக்காவின் மகனைக் கட்டிய மருமகள் றெஜினாதான் எடுப்பாள், மாமி கோயிலுக்குப் போய்விட்டா என்பாள். எந்த நேரம் எடுத்தாலும் மாமி கோயிலில். இவளும் பிடிவாதக்காரி, ஒரு கட்டத்தில் எடுப்பதை விட்டுவிட்டாள். நான் இருவருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியம்மா உன்னை விசாரித்தவ என்று இங்கே, அனிற்றா உங்களைக் கேட்டவள் என்று அங்கே. இருவரும் ம் என்பார்கள்.

4

இந்த வசந்தத்தில் அனிற்றா தன் பெயரில் முதல் அல்பத்தை ஒலிப்பதிவு செய்தாள். ஒஸ்லோவில் இருப்பவள், பதிவுக்காகப் பேர்கனுக்கு வந்தாள். ஸ்ரூடியோ, துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய மீன் களஞ்சியம். உள்ளே கம்பளமும் விளக்கும் போட்டு எவ்வளவு அழகுபடுத்தியிருந்தாலும், மழை நாளில் சுவரில் இருந்து மீன் மணக்கிறது. இங்கே வந்த புதிதில் இப்படியொரு கட்டடத்தில்தான் நான் மீன் வெட்டினேன். எனக்கு அந்த இடம் பிடித்துவிட்டது.

கட்லற்றும் றோல்சும் சுட்டுக்கொண்டு போனேன். ஐந்து பேர் இருந்தார்கள், பியானோ, பாஸ், ட்ரம்ஸ், சாக்சபோன், இவள். ஒருவருக்கு முன்னாலும் சுரம் எழுதிய கடதாசி இல்லை. ஒத்திகை எப்போது முடிந்தது என்று கேட்டேன்.

"ஒத்திகை இல்லையம்மா. இதுதான்," என்றாள்.

ஒருவர் தொடங்குவார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மனம் வந்தால் சேருவார்கள், இல்லாவிட்டால் சும்மா இருப்பார்கள். ஜாம் என்பது அதுதானாம். ஒரு பாட்டின் நடுவில் பியானோக்காரரின் விரல் தவறான இடத்தில் பட்டது. எனக்கே தெரிந்தது, அவர் முகமும் சுருங்கியது. உடனே அனிற்றா அதே தவறான சுரத்தைப் பிடித்து ஊதினாள். பிறகு இன்னொரு தரம். மூன்றாவது தரம் ஊதியபோது அது தவறே இல்லை, பாட்டு அங்கேதான் போகவேண்டியிருந்தது என்பதுபோல ஆகிவிட்டது. பியானோக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பும் பதிவில் இருக்கிறது. ஒன்றையும் திரும்பப் பதிவு செய்வதில்லை, கதிரை கிரீச்சிட்டாலும் அப்படியே விடுவது என்று அவர்களுக்குள் ஒப்பந்தம்.

கடைசிப் பாட்டில் மற்ற நால்வரும் நிறுத்திவிட்டார்கள். அனிற்றா தனியே, இடது உள்ளங்கையால் ட்ரம்பெட்டின் வாயைப் பொத்தி, மெல்லமாக ஊதினாள். கைக்குள் இருந்து ஒரு குழந்தை அழுவதுபோலச் சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் கையை எடுத்தாள். எடுத்ததும் வந்த சத்தத்தில் நான் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன்.

வெளியே வந்து கட்லற் தின்றுகொண்டிருக்கும்போது, "இதைப் பெரியம்மா கேட்பாவோ?" என்று கேட்டாள். வேறெங்கோ பார்த்துக்கொண்டுதான் கேட்டாள்.

"கேட்பா," என்றேன். எப்படிக் கேட்கவைப்பது என்று அப்போது எனக்கு ஒரு யோசனையும் இல்லை.

5

இனி என் உத்தியோகத்தைச் சொல்லவேண்டும். பகலில் சின்னப் பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில் உதவியாளர். மற்ற நேரம், இங்கே இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களின் ஒன்றியத்துக்குச் செயலாளர். தமிழில் தட்டெழுதத் தெரிந்தவர் வேறு ஒருவரும் இல்லை என்பதால் என்னைத் தெரிவு செய்தார்கள். இந்தப் பதவியில் ஒரு வேலைதான் உண்மையில் இருக்கிறது. ஊரவர் யாராவது, எந்த நாட்டில் இறந்தாலும், மரண அறிவித்தல் எழுதி, படத்தோடு எல்லாத் தொலைபேசிக் குழுக்களுக்கும் அனுப்புவது. வருடக்கணக்காகச் செய்கிறேன். வேறு ஊர்க்காரர் இரவல் கேட்டாலும் எழுதிக் கொடுப்பேன். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கினால் என் விரல் தானாகவே முடிவுவரை போய்விடும். என் இலக்கத்தில் இருந்து படத்தோடு ஒரு செய்தி வந்தால் எங்கள் ஊர்ச்சனம் முதலில் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத்தான் திறப்பார்கள்.

அல்பம் வெளிவரப்போகிறது, வெளியீட்டுக்கு மண்டபமும் எடுத்தாயிற்று. அனிற்றா வார இறுதிக்கு வந்திருந்தாள். ஊருக்கு முறையாக ஒரு அறிவித்தல் போடுவோம், அக்காவின் கண்ணில் படட்டும் என்று நினைத்தேன். அக்காவின் பெயரையும் அதில் மரியாதையாகச் சேர்த்துவிட்டால் மனம் இளகும் என்பது என் கணக்கு. அதுதான் முழு நோக்கமும். அக்காவின் பெயர் வருகிற ஒரு வசனத்துக்காகத்தான் மற்ற எல்லா வசனமும். எங்கள் ஊரில் சகோதரியின் மகளைப் பெறாமகள் என்பார்கள், அந்த முறையைத்தான் போட்டேன்.

அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருந்தது. இவர் பசிக்கிறது, பசிக்கிறது என்று நின்றார். நான் முந்தின அறிவித்தலை எடுத்து, பெயர்களை மாற்றி, இறைவனடி சேர்ந்தார் என்பதைக் கவனமாக நீக்கிவிட்டு, இப்படி அனுப்பினேன்:

"பேசாலையைப் பிறப்பிடமாகவும், நோர்வே ஒஸ்லோவை வதிவிடமாகவும் கொண்ட செல்வி அனிற்றா அவர்கள், அந்தோனி தம்பதிகளின் பாசமிகு ஏக புதல்வியும், பிலோமினாவின் அன்புப் பெறாமகளும் ஆவார். அன்னாரின் இசைத்தட்டு வெளியீடு எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நடைபெறும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: குடும்பத்தினர்."

அன்னாரின் என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் செத்தவர்களுக்கு மட்டும்தான் பாவிப்பார்கள். அது எனக்குத் தெரியாததா? விரல் தட்டிவிட்டது, கண் பார்க்கவில்லை. மேலே அல்பத்தின் அட்டைப்படம். கறுப்பு வெள்ளை. அனிற்றா கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள், ட்ரம்பெட் படத்துக்குள் வரவில்லை. கலை என்று அப்படி எடுத்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, செய்தி நீளம் என்பதால் தொலைபேசி அதைப் பாதியில் வெட்டி, மேலும் வாசிக்க என்று போட்டுவிட்டது. பெறாமகளும் என்பதோடு சரி. அதற்குக் கீழே போய் இசைத்தட்டைக் கண்டுபிடிக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? மனிதர் அழத் தொடங்கிவிட்டார்கள்.

6

முதல் அழைப்பு பாரிசில் இருந்து, எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி. எடுத்ததும் ஐயோ என்றாள். யார் இறந்தது என்று நானும் பதறிப்போய்க் கேட்டேன், அறிவித்தல் எழுதவேண்டியவள் நான்தானே. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு என் செய்தியை நானே திறந்து, முதல் தரமாக வாசித்தேன்.

அக்காவுக்கு எடுத்தேன். எடுக்கவில்லை. றெஜினாவுக்கு எடுத்தேன், அவளும் எடுக்கவில்லை. செத்த வீட்டில் யார் தொலைபேசி எடுப்பார்கள். குழுவில் அவசரமாக, பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்று எழுதினேன். அதற்குக் கீழே உடனே ஒருவர், ஓம், எங்கள் மனங்களில் என்றென்றும் என்று எழுதினார். இவர் தலையில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். அனிற்றா சிரிசிரியென்று சிரித்தாள். தன் நண்பர்களுக்குச் சொல்லவேண்டும் என்றாள்.

அப்போது றெஜினாவிடமிருந்து எனக்கு ஒரு குரல் பதிவு வந்தது. இப்போது ஊரில் அப்படித்தான், வெளிநாட்டில் இருக்கிறவர்களும் கேட்கவேண்டும் என்று செத்த வீட்டில் பிடித்து அனுப்புவார்கள். என் தொலைபேசி அனிற்றாவுக்குக் கிட்ட இருந்தது. நான் வேண்டாம் என்பதற்குள் அவள் அதை அமத்தி ஓடவிட்டுவிட்டாள்.

அக்காவின் ஒப்பாரி. பெண்களின் குரல்கள் பின்னால் ஏறி இறங்க, நடுவில் அக்காவின் குரல். அக்கா எங்கள் பகுதியில் பேர்போனவ. அக்கா தொடங்கினால் மற்றப் பெண்கள் விட்டுக்கொடுத்துவிடுவார்கள். ஆனால் இந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"வள்ளத்தில போகேக்க என்ர மடியில கிடந்தவளே,
நேவிக்குக் கேட்குமெண்டு வாயைப் பொத்தி வைச்சனடி,
பொத்தின கையெடுத்த அண்டையில இருந்து
பப்பாசிக் குழலூதி என்ர காதைத் திண்டவளே..."

அனிற்றாவின் சிரிப்பு நின்றுவிட்டது. பின்னால் பெண்கள் என்ர ராசாத்தி என்று சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி இடையில் தன் செத்த மகனையும் இழுத்து ஒரு வரி சொன்னாள், அக்கா அந்த வரியையே பிடித்துக்கொண்டு மேலே போனா. முகாமில் தண்ணீர்க் குழாயடி வரிசையில் இவள் பப்பாசி இலைத் தண்டை வெட்டி ஊதி, சனத்திடம் ஏச்சு வாங்கிய கதை வந்தது. காய்ச்சலில் கிடந்து, ஊதச் சொல்லி அக்காவைக் கெஞ்சிய கதை வந்தது. அக்கா ஊதினாவாம், பிள்ளை சிரித்ததாம். ஒன்றும் எனக்குத் தெரியாது. என் பிள்ளையின் ஆறு வருடத்தை அன்றைக்குத்தான் நான் கேட்டேன், அதுவும் அவள் செத்துப்போனதால் கேட்டேன். முதல் நாளே ட்ரம்பெட்டில் சத்தம் வந்தது என் வழியாலும் இல்லை, இவர் வழியாலும் இல்லை.

ஸ்ரூடியோவில் அவள் கையால் பொத்தி ஊதிய கடைசிப் பாட்டு எனக்கு ஞாபகம் வந்தது. மூன்று வயதுப் பிள்ளைக்கு வள்ளம் நினைவில் இருக்குமா? நான் அவளைக் கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்கவில்லை.

"பெறாமகள் எண்டு போட்டிட்டாள் பெத்தவள்,
பெறாதவள் வயிறு பத்துதடி என் மகளே.
ஊதாதை எண்டு சொன்னன், ஒளிச்சிருந்து கேட்டன்.
நீங்கள் ஆரெண்டு கேட்டியே, அண்டைக்குச் சொல்லேல்ல,
உனக்கு ஆரடி நான், ஊர் கூடிக் கேட்குதடி..."

அதோடு பதிவு நின்றுவிட்டது. எனக்குப் பொறாமை வந்தது என்று எழுதினால் வாசிக்கிற உங்களுக்கு என்னைப் பிடிக்காமல் போகலாம். வந்தது. அதை முந்திக்கொண்டு, அக்காவின் காலில் விழவேண்டும் போலவும் இருந்தது. அனிற்றா புட்டுக் கையோடு எழும்பி நின்றாள். திரும்பவும் அமத்தினாள். இரண்டாவது தரம் முழுதும் கேட்டுவிட்டு, மெதுவாக, "இவ்வளவு நீளத்துக்குப் பெரியம்மா எங்கையம்மா மூச்சு எடுக்கிறா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழத்தொடங்கினாள்.

7

கடைசியில் றெஜினா எடுத்தாள். பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்றேன். நான் அழுது புத்தி பேதலித்துப் பேசுகிறேன் என்று நினைத்து, மனதைத் தேற்றுங்கோ என்றாள். படத்தோடு பேசும் அழைப்புக்கு மாற்றி, அனிற்றாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். றெஜினாவின் கையில் இருந்து தொலைபேசி கீழே விழுந்தது. கொஞ்ச நேரம் தறப்பாள்தான் தெரிந்தது. பிறகு யாரோ சத்தம் போட்டார்கள், பிறகு முற்றம் முழுக்கச் சிரிப்பு. இப்படிச் செத்ததாகப் பேர் வந்தால் ஆயுசு கூடும் என்று ஒரு கிழவர் சொல்வது கேட்டது. வந்த சனம் போகவில்லை, பிளேன்ரீ ஊற்றியாகிவிட்டதே.

அக்கா தொலைபேசியை வாங்கினா. மூக்கெல்லாம் சிவந்து, தலைமயிர் அவிழ்ந்து கிடந்தது. முதலில் என்னைத்தான் பார்த்தா. உனக்கு மண்டைக்குள் என்ன இருக்கிறது, பிள்ளையைக் கொல்லவோ செயலாளர் வேலை எடுத்தாய் என்று தொடங்கி, ஊரவர் முன்னிலையில் எனக்கு நல்ல பூசை விழுந்தது. நான் ஓம் அக்கா, ஓம் அக்கா என்று வாங்கிக்கொண்டேன். மூன்று வருடமாக அந்த வீட்டில் இருந்து வராத சத்தம் அது, ஏச்சானாலும் எனக்குத் தேனாக இருந்தது. ஏசி முடிந்ததும் அக்கா தொலைபேசியோடு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினா. நான் அனிற்றாவிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டு விலகி நின்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அனிற்றாவின் வாய் திறந்து மூடியது. மறுக்கிற தமிழ்போலவே, மன்னிப்புக் கேட்கிற பெரியவர்களின் தமிழும் அவளிடம் இல்லை.

"அதை அழிச்சுப்போடு," என்றா அக்கா. "உயிரோட இருக்கிற பிள்ளைக்கு அழுதது கூடாது."

"அழிக்கமாட்டன்."

"அழி எண்டுறன்."

"மாட்டன், பெரியம்மா. அது என்ர."

பெரியம்மா என்ற சொல் அக்காவின் முகத்தில் போய்ப் பட்டதை நான் பக்கத்தில் நின்றும் பார்த்தேன். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. துடைத்துவிட்டு, கடற்கரையில் மீன் விலை பேசுகிற குரலுக்கு வந்துவிட்டா.

"சரி, வைச்சிரு. நீ செத்தால் நான் என்ன செய்வன் எண்டு கேட்டிட்டாய். நான் செத்தால் நீ என்ன செய்வாய்? வரமாட்டாய், லீவு இல்லை எண்டுவாய். அப்ப எனக்கும் இப்பவே காட்டு. நானும் உயிரோட இருந்து கேட்க வேணும்."

அனிற்றா என்னைப் பார்த்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து, ட்ரம்பெட்டை எடுத்தாள். தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்தாள். ஊதத் தொடங்கினாள்.

அல்பத்தில் உள்ள எதுவும் அதில் இல்லை. எங்கிருந்து எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. தொடக்கத்தில் தடுமாறினாள், ஒரு சுரம் உடைந்தது, உடைந்த சுரத்தையே திரும்ப ஊதினாள். பிறகு மெல்ல மெல்ல அது அழுகைபோல நீண்டது. அக்கா இழுத்த இழுப்பு அங்கங்கே வந்து போனது. இவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். திரையில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் பூசை காண்பதுபோல அசையாமல் இருந்தா. ஊதி முடித்து அனிற்றா வாத்தியத்தைக் கீழே இறக்கினாள். அனிற்றாவுக்கு மூச்சு வாங்கியது.

அக்கா கண்ணைத் திறந்தா.

"காணாது," என்றா. "நான் உனக்கு ஒரு பின்னேரம் முழுக்க அழுதனான். நீ ஐஞ்சு நிமிசத்தில என்னைக் குழியில தாட்டுப்போட்டாய். திருப்பி ஊது, மகள்."

அனிற்றா கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, முதலில் இருந்து தொடங்கினாள்.